கன்மலை தட்டுப்படும்வரை

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தனசீலன் மாமா முதலில் வலது குதிகாலால் தரையை ஒரு மிதி மிதிப்பார். உட்காரச் சொன்ன பிறகு இன்னொரு மிதி. தாராவியில் இது நல்ல பழக்கம் அல்ல. இங்கே பாதி வீடுகளின் சிமெண்டுத் தரைக்குக் கீழே தேங்காய் மட்டையும் கோணியும் தோல் கழிவும் கிடக்கின்றன. அதற்கும் கீழே கழிமுகத்துச் சேறு. "மெல்ல மிதிங்க அண்ணாச்சி, பக்கத்து வீட்டுல பால் சிந்திரும்" என்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். "பொத்தல்" என்பார், நாடி பார்த்துச் சொல்வதுபோல. பிறகு டீயை வாங்கிக்கொள்வார்.

அவர் தொழில் பை வெட்டுவது. தொண்ணூறு அடி சாலைக்குப் பின்னால் ஒரு பட்டறையில், பள்ளிக்கூடப் பைகளுக்கான ரெக்சினைப் பல மடிப்பாக அடுக்கி ஒரே வெட்டில் வெட்டித் தருகிறார். கத்திரி பிடித்தே கட்டைவிரல் உருண்டு தடித்துவிட்டது. வெட்டும்போது பாடுவார். பாட்டின் தாளத்துக்குக் கத்திரி திறந்து மூடும். தையல் மிஷின்களும் தம்மை அறியாமல் அந்த வேகத்துக்கு வந்துவிடும். பட்டறை முதலாளி நாகூர் கனி, "அவசர ஆர்டரு தனசீலு, கொஞ்சம் வெரசலான பாட்டா படிச்சு வெட்டும்" என்று கேட்டு வாங்குவார். கேட்டது கிடைக்கும். ஆனால் துணி கோணினால் பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுவார். கோணல் சரியாகும்வரை பட்டறையில் சத்தம் இருக்காது.

மனைவியும் மகன்களும் சாத்தான்குளத்தில் இருக்கிறார்கள். எங்களுக்கு அவர் உறவில்லை. அம்மா ஒரு நாள் ரேஷன் கடையில் தன் ஊர்ப் பெயரைச் சொல்ல, அது அவருக்குப் பக்கத்து ஊராக இருந்ததால் அண்ணாச்சி ஆனார். அதனால் எனக்கு மாமா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் ஜெபவீட்டின் பாட்டுக்காரர். ஆர்மோனியம் அவருடையது. சொந்தமாகவும் பாட்டு கட்டுவார். கட்டிய பாட்டை முதலில் பாடுகிறவள் அம்மா. அவருடைய குரல் ரெக்சின் கிழிவதுபோல இருக்கும். அது அவருக்கே தெரியும். "நான் வெட்டிக் குடுப்பேன், ஏஞ்சல் தச்சுக் குடுப்பா" என்பார். ஏஞ்சலம்மாள் என்பது அம்மாவின் பெயர்.

கன்மலை என்ற சொல்லை வெளியே யாரும் பேசி நான் கேட்டதில்லை. கடையில், ரயிலில், சண்டையில் அது வராது. ஊரில் மலையை மலை என்பார்கள், பாறையைப் பாறை என்பார்கள். வேதத்திலும் பாட்டிலும் மட்டும் அது கன்மலை. வேதத்திலுள்ள கன்மலைகளை மாமா வகை பிரித்து வைத்திருக்கிறார். வனாந்தரத்தில் கோலால் அடிபட்டுத் தண்ணீர் விட்டது ஒன்று. பயந்தவன் ஒளிந்துகொள்ள வெடித்து இடம் கொடுத்தது ஒன்று. புத்தியுள்ளவன் ஆழத் தோண்டி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது ஒன்று. "தாவீது ராசா ஓடி ஏறுனது தனி. அத இதோட கலக்கப்படாது" என்பார். பாட்டு கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டுக் குழப்புகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். இப்போது ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பெட்டியில் நாலைந்து கேசட் கொண்டுவருகிறார்கள். கிதாரும் டிரம்ஸும் வைத்த புதுப் பாட்டுகள். மூன்றுக்கு ஒன்று கன்மலைப் பாட்டு. "வரி நொண்டுச்சுன்னா போதும், ஓடிப்போய் கன்மலையக் கூப்பிட்டுருதானுவ. அது என்ன, கூலிக்கு நிக்குதா?"

இதெல்லாம் பேச்சாகவே இருந்தது, ஒரு கிறிஸ்துமஸ் வரை.

ஜெபவீடு தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அன்று ஆட்கள் நெருக்கி நின்றார்கள். கேசட்டில் கேட்டுப் பழகிய ஒரு வேகமான கன்மலைப் பாட்டு. கைதட்டல், குழந்தைகளின் குதியாட்டம். இரண்டாவது சரணத்தில் மேற்கு மூலையில் தரை சத்தமில்லாமல் கீழே இறங்கியது. ஆர்மோனியம் ஸ்டூலோடு சரிந்தது. மாமாவும் அதோடு சுவர்வரை போனார். விரல்கள் கட்டைகளை விட்டு எடுபடவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், அம்மா உட்பட. பாட்டுகூட நிற்கவில்லை.

மாமா எழுந்து ஆர்மோனியத்தின் துருத்தியை மூடினார்.

"நிறுத்துங்க. கன்மலைமேல நிக்கோம்னு பாடுதோம். நிக்கது பழைய செருப்புமேல. இது பொய்ச்சாட்சி."

புதிய ஜெபவீடு கன்மலைமேல் எழும்பவேண்டும், அதற்கான கன்மலை தட்டுப்படும்வரை அந்தச் சொல் வருகிற எந்தப் பாட்டும் இங்கே கிடையாது என்றார். மாதத்துக்கு ஒரு முறை உல்லாஸ்நகரிலிருந்து வரும் பாஸ்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "அது ஆவிக்குரிய அர்த்தம், பிரதர்."

"ஆவிக்குரிய அர்த்தம் சரி பாஸ்டர். ஆர்மோனியம் விழுந்தது மாம்சத்துலலா?"

வேத வாசிப்பில் அந்தச் சொல் வரலாமா என்று யாரோ கேட்டார்கள். வரலாம் என்றார். "வேதம் ஆண்டவர் சொன்னது. பாட்டு நாம சொல்லுதது. நாம சொல்லுததுதான் பொய்யாவும்."

ஒரு வாரத்தில் தணிந்துவிடும் என்று நினைத்தார்கள். தணியவில்லை. அப்போதுதான் தெரிந்தது, அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பாட்டுப் புத்தகம் எவ்வளவு மெலிந்துவிடுகிறது என்று. கல்யாண வீட்டில் பெண்கள் ஒரு பாட்டை ஆரம்பித்து, இரண்டாவது அடியில் கன்மலை வருவது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சந்தில் அவர் போகும்போது, "அண்ணாச்சி, தண்ணி லாரி வந்தாச்சு. மலை எப்போ வருது?" என்று கேட்பார்கள். "வரும். நீ குடத்த எடு" என்று நடந்துகொண்டே பதில் சொல்வார்.

அவர் கட்டியதில் சிறந்த பாட்டும் இதில் மாட்டிக்கொண்டது. குழாயடி வரிசையில் பிறந்த பாட்டு அது. முதல் வரி அவருடையது. இரண்டாவது வரி அமையாமல் ஒரு மாதம் அலைந்தார். ஒரு காலை, குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தபோது, வரிசையில் நின்ற அம்மா அதைச் சொல்லிவிட்டாள்.

அடித்த கைக்கும் தண்ணீர் தந்த கன்மலையே
எங்கள் குடமெல்லாம் வாய்திறந்து வரிசையிலே

இரண்டாவது வரியை அவர் ஒருபோதும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டதில்லை. "அது ஏஞ்சல் வரி" என்பார். பாடும்போதும் முதல் வரியை அவர் எடுக்க, இரண்டாவதை அம்மா மட்டும்தான் பாடுவாள். மற்றவர்கள் மூன்றாவதில்தான் சேரவேண்டும்.

தடை போட்ட பிறகு அம்மா அவரைக் கேலி செய்தாள். "அண்ணாச்சி, நீங்க தோண்டி முடிக்கதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன். அப்பமும் அந்தப் பாட்டப் படிக்கமாட்டியளோ?"

"மாட்டேன்."

"பாத்தியாட்டி, மனுசனுக்கு நெஞ்சுல இருக்கு கன்மலை. அத வெட்டி எடுத்து அடியில போட்டா சோலி முடிஞ்சிரும்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஏப்ரலில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரத்திலேயே போய்விட்டாள். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்தவர். வீட்டில் இப்போது நான் மட்டும்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது பெரியம்மா அந்தப் பாட்டை எடுத்தாள். மாமா கையை உயர்த்தினார். பெரியம்மா நிறுத்திவிட்டாள். அவர் வேறொரு பாட்டைத் தொடங்கி, கடைசிச் சரணம்வரை தனியாகவே பாடி முடித்தார். முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. பெரியம்மா அதன் பிறகு அவரோடு பேசுவதில்லை. நானும் மழைக்காலம் முடியும்வரை பேசவில்லை.

நான் சிவில் டிப்ளமா படித்தவள். அணுசக்தி நகரில் கட்டுமானப் பிரிவின் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. மழை ஓய்ந்து மாமா ஜெபவீட்டை இடித்துக் குழி தோண்ட ஆரம்பித்தபோது, அடுத்த வருடம் அம்மாவின் நினைவு ஆராதனையில் அந்தப் பாட்டு பாடப்படவேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவரை மாற்ற முடியாது. அப்படியானால் பாறைதான் தட்டுப்படவேண்டும். ஒரு நாள் ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து செம்பூரில் இறங்கி, ரயில் பிடித்து, குழிக்கே போனேன்.

சபை ஆட்கள் வேலை முடிந்து வந்து மாற்றி மாற்றித் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாமா லுங்கியை மடித்துக் கட்டி உள்ளே நின்றார். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்கூடக் கழலவில்லை. கூடையில் மேலே வந்ததைப் பார்த்தேன். செருப்பு அடிப்பாகங்கள், தோல் துண்டுகள், மட்டை, உடைந்த பானை, மருந்துப் புட்டிகள். ஆள் உயரத்துக்குக் கீழே கறுத்த களிமண். கடல் ஏறும்போது குழியில் தண்ணீர் ஊறியது. வாளியால் இறைத்துவிட்டு மறுபடி தோண்டினார்கள்.

"மாமா, பாறை ரொம்பக் கீழ இருக்கு. கையால போகமுடியாது. தேவையும் இல்ல. அகலமா ஒரு கான்கிரீட் பலகை மாதிரி போட்டுட்டா கட்டடம் சேத்துமேல மெதந்துக்கிட்டு நிக்கும். அசையாது."

"மெதக்கதுக்கு நோவா பேழையாட்டி கட்டுதோம்?"

"ஊர்ல பாதிக் கட்டடம் அப்படித்தான் நிக்கி."

"நிக்கட்டும். அதுகள்லாம் கன்மலைப் பாட்டு பாடலலா?"



குழியை நிறுத்தியது பக்கத்து வீட்டு முருகம்மாள். அவள் வீட்டுச் சுவரில் விரல் நுழைகிற விரிசல் விட்டிருந்தது. குழி ஓரத்தில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "உங்க சாமி கல்லுமேல இருக்கணும்னா இருக்கட்டும் அண்ணாச்சி. அதுக்கு எஞ் செவுத்த எதுக்கு இழுக்காரு? எம் புள்ள ராத்திரி எங்க படுக்கும்?"

மாமா மேலே ஏறிவந்தார். அவள் வீட்டுக்குள் போய் வழக்கம்போல மிதித்துப் பார்க்கக் காலைத் தூக்கினார். அப்புறம் மெல்லக் கீழே வைத்துவிட்டார். விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். பட்டறைக்குப் போய் வெட்டுப் பலகைகள் இரண்டைத் தோளில் தூக்கி வந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தார். அன்றே குழியை மூட ஆரம்பித்தார். தோற்றவர்போல இல்லை. வெட்டுத் தவறிய துண்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறவர்போல மண்ணைத் தள்ளினார்.

"வேற வழி இருக்கா, சொல்லு. மெதக்கதத் தவிர."

இருந்தது. இரும்புக் குழாயை அடித்து அடித்து இறக்குவது. பாறையில் போய் முட்டி நிற்கும். உள்ளே கம்பியும் கான்கிரீட்டும் போட்டால் அது கால். அந்தக் கால்களின்மேல் கட்டடம். சொன்னேன்.

"காலு கன்மலையில நிக்குமா?"

"நிக்கும்."

"கண்ணால பாக்கமுடியாதுலா?"

"முடியாது. குழாய் இறங்காம நிக்கதையும் சத்தத்தையும் வச்சுத்தான் சொல்லமுடியும்."

"சத்தம்னா பரவாயில்ல" என்றார். "அது நம்ம டிபார்ட்மெண்டு."

குழாய் இறக்க கரீம் பாட்சா வந்தார். காயல்பட்டினத்துக்காரர், குழாய்க் கிணறு போடுகிறவர். முக்காலி நட்டு, கப்பி மாட்டி, ஆட்கள் கயிற்றை இழுத்துவிட, இரும்புக் குண்டு குழாயின் தலையில் விழும். சேற்றில் குழாய் சத்தமில்லாமல் போனது. கரீம் பாட்சா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தண்ணி வந்தா எல்லா பார்ட்டியும் சலாம் போடுவான். தண்ணி வந்தாச்சு, இன்னும் போ, இன்னும் போங்கிற பார்ட்டி நீரு ஒருத்தருதான் அண்ணாச்சி" என்றார்.

நினைவு ஆராதனை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை குண்டின் சத்தம் மாறியது. குழாய் நின்றது. மறுபடி அடித்தார்கள், நின்றது. சேதி சந்துக்குள் ஓடி, சபை முழுக்க வந்துவிட்டது. ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி பாட்டுக்குத் தொண்டையைச் செருமினாள். மாமா எல்லாரையும் விட்டு என்னைப் பார்த்தார்.

"இதுதானா?"

"இருக்கலாம். புதைஞ்சு கெடக்க ஒத்தைக் கல்லாவும் இருக்கலாம். ஒரு ஓட்டைய வச்சு சொல்லமுடியாது."

"ஞாயித்துக்கிழமை உங்க அம்மைக்கு அந்தப் பாட்டு வேணும்லா உனக்கு?"

"வேணும்."

"அப்பமும் இது பத்தாதுன்னு சொல்லுத."

"பத்தாது மாமா."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. படித்த பிள்ளைக்குத் திமிர் என்று யாரோ சொன்னார்கள். மாமா குழாயின் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு கரீம் பாட்சாவிடம் திரும்பினார். "முக்காலியக் கெழக்கு மூலைக்கு மாத்தும்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆராதனை நடந்தது. அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் நாற்காலிகள். மாமா வேதத்தில் வனாந்தரத்துப் பகுதியை எடுத்து, தாகத்தால் முறுமுறுத்த ஜனங்களையும் அடிபட்ட கன்மலையையும் வாசித்தார். அந்தச் சொல் வந்த இடத்தில் குரல் கொஞ்சம்கூட ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பிறகு வேறு பாட்டு. பெரியம்மா சாப்பிடாமல் எழுந்து போனாள். போகும்போது வாசலில் நின்று, "ரெண்டு கல்லும் நல்லாச் சேந்துக்கிட்டிய" என்றாள். எங்கள் இருவரையும்தான்.

திங்கட்கிழமை, முதலில் இறக்கிய குழாயை மறுபடி அடித்துப் பார்த்தார்கள். நாலாவது அடியில் கடகடவென்று வழுக்கிக் கீழே போனது. ஒற்றைக் கல்தான். மாமா எனக்குப் பட்டறையிலிருந்து போன் செய்தார். "போயிருச்சு" என்றார். அவ்வளவுதான். பின்னணியில் கத்திரிச் சத்தம் கேட்டது. வேகமான பாட்டுக்குரிய வேகம்.

அவரைத் தேடி நான் எப்போது போனாலும் இந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். குழாயடிக்கிற இடத்தில் அவர் உட்காருவதில்லை. பட்டறையில் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டி, தலையைச் சாய்த்து நிற்பார். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து நின்றபடியே சாப்பிடுவார். மழைக்கு முன்னால் முடியாது என்று கரீம் பாட்சா சொன்னால், "மழை அதும்பாட்டுக்குப் பெய்யும். நீரு அடியும்" என்பார். ஒரு முறை முருகம்மாள் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். "சீக்கிரம் முடிங்க. டம் டம்முனு கேட்டுக் கேட்டு எம் புள்ள சத்தம் நின்னா முழிச்சிக்கிடுது" என்றாள். அவர் முதல் முறையாகச் சிரித்து நான் பார்த்தேன்.

இரண்டு மூலைகளிலும் குழாய்கள் நின்றது ஒரு புதன்கிழமை மதியம். நான் அரை நாள் விடுப்பில் போயிருந்தேன். சபையில் யாரும் இல்லை, எல்லாரும் வேலையில். இரண்டு குழாய்களும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நின்றிருந்தன. குழாயில் சாக்கட்டியால் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். கோடு இறங்கவில்லை. குண்டு துள்ளியது. உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவியபோது கலங்கலோடு கறுத்த துணுக்குகள் வந்தன. ஒன்றைக் கழுவி நகத்தால் கீறினேன். கீறல் விழவில்லை. உடைத்துப் பார்த்தேன். பம்பாய்க்குக் கீழே எல்லா இடத்திலும் இருக்கிற கருங்கல்.

"அடிப்பாறை மாமா."

"பத்துமா?"

"பத்தும்."

 அவர் சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாருக்கும் சொல்லியனுப்பவும் இல்லை. கயிற்றுக்குப் போய், பிடித்திருந்தவர்களை விலகச் சொன்னார். மூன்று பேர் இழுக்கிற குண்டை இரண்டு கையாலும் தனியாக இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. விட்டார். இரும்பு இரும்பில் விழுந்த ஓசை சந்து முழுக்கப் போனது. மறுபடி இழுக்கும்போது அந்தப் பாட்டின் முதல் வரியை எடுத்தார். ரெக்சின் கிழிகிற குரல். அடி விழுந்த இடத்தில் கன்மலை என்ற சொல் விழுந்தது.

"அரே அண்ணாச்சி, குழாய் மொனை மடங்கிரும்! பஸ், பஸ், போதும்!" என்று கத்தினார் கரீம் பாட்சா. அவர் சொன்னது சரி. பாறையில் நின்ற குழாயை மேலும் அடிக்கக்கூடாது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

முதல் வரி முடிந்தது. மாமா வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது வரிக்கு ஆகிற நேரம் முழுவதும், தாளம் தவறாமல், கயிற்றை மட்டும் இழுத்து இழுத்து விட்டார்.